ம்பிகி வைத்தியர்களின் நாற்றங்காலில்

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவிலிருந்து மசாக்கா சாலையில் தென்மேற்காகப் போனால் ம்பிகி வரும். இன்னும் கொஞ்சம் தள்ளி, கயாப்வேயில் பூமத்திய ரேகை. சுற்றுலா வண்டிகள் ரேகைக்குத்தான் நிற்கும், ம்பிகிக்கு நிற்காது. அங்கே இறங்கி, போடா போடா எனப்படும் வாடகை பைக்கில் செம்மண் பாதையில் வாழைத் தோட்டங்களைத் தாண்டிப் போனேன். நாட்டு வைத்தியர்கள் சிலர் சேர்ந்து அங்கே ஒரு மூலிகை நாற்றங்கால் வைத்திருக்கிறார்கள். சில வாரங்கள் அவர்களோடு தன்னார்வலராக இருந்தேன்.

பைகளில் மண் நிரப்புவது, தண்ணீர் ஊற்றுவது, களை பிடுங்குவது, இவைதான் என் வேலை. நோயாளிகள் பக்கம் நான் போகவில்லை. ‘ஆப்பிரிக்க வைத்தியருக்கு உதவியாளராகுங்கள்’ என்று விளம்பரம் செய்து பெருந்தொகை வாங்கும் ஏஜென்சிகள் உண்டு. மருத்துவமும் படிக்காமல் மொழியும் தெரியாமல் ஒரு நோயாளியின் அருகில் நின்று நாம் செய்யக்கூடிய உதவி எதுவும் இல்லை. அவருடைய வேதனையை வேடிக்கை பார்ப்பது மட்டும்தான் நடக்கும். அதற்காகப் பணம் கட்டிப் போகாதீர்கள்.

குழுவில் மூத்தவர் ஒரு அம்மா. தாத்தா, பாட்டி இருவரையுமே அங்கே ‘ஜஜ்ஜா’ என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் லுகாண்டாவில் பேசுவதை, பக்கத்துச் சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் பேரன் எனக்கு ஆங்கிலத்தில் சொல்வார்.

ஒரு நாள் எமும்புவா என்ற களிமண் மருந்துக் குச்சிகள் செய்தார்கள். சதுப்பு ஓரத்துக் களிமண்ணில் கல்லும் வேரும் இல்லாமல் விரலாலேயே பொறுக்கி எடுத்தார்கள். காயவைத்து இடித்த இலைப்பொடியைத் தூவி, சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி நீளக் குச்சிகளாக்கினார் ஜஜ்ஜா. ஒவ்வொரு குச்சியிலும் நகத்தால் கீறல் போட்டார். ஒன்று, இரண்டு, குறுக்கே ஒன்று. எந்தக் கீறல் எந்த மருந்து என்பது அவருக்கும் அவரிடம் பயிலும் பெண்ணுக்கும் தெரியும். வெயிலில் காய்ந்ததும் குச்சி இறுகிவிடுகிறது. வேண்டும்போது ஓட்டுச் சில்லில் தண்ணீர் விட்டு உரசிக் குடிக்க வேண்டும், நம் வீடுகளில் குழந்தைக்கு உரை மருந்து உரசுவதுபோல. பெரும்பாலும் கர்ப்பிணிகளுக்குத்தான். சில மூலிகைகள் கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதால் மருத்துவமனைகள் இதை எச்சரிக்கையோடு பார்க்கின்றன, அந்த அச்சம் நியாயமானது. பிரசவ வலி தொடங்கிவிட்டால் ஜஜ்ஜாவும் எதுவும் கொடுப்பதில்லை, பேரனின் நிலையத்துக்கு அனுப்பிவிடுகிறார்.

அந்தப் பொடியில் என்னென்ன இலைகள் என்று நான் கேட்கவில்லை. கண்ணில் பட்டதையும் இங்கே எழுதப் போவதில்லை. காரணம் இருக்கிறது. பசியை அடக்க ஹூடியா என்ற சதைப்பற்றுள்ள செடியைத் தென்னாப்பிரிக்காவின் ஸான் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தின்றுவந்தார்கள். அதன் பசியடக்கும் கூறுக்குத் தொண்ணூறுகளில் அந்நாட்டு அரசு ஆய்வு மன்றமே காப்புரிமை எடுத்தது, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல். வருமானத்தில் பங்கு தரும் ஒப்பந்தம் 2003இல்தான் வந்தது. நம் மஞ்சளுக்கும் 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். 1997இல் அது ரத்தானதற்குக் காரணம், புண்ணுக்கு மஞ்சள் போடுவது பழைய நூல்களிலேயே இருக்கிறது என்று நம்மால் காட்ட முடிந்தது. ஜஜ்ஜாவிடம் அப்படி எடுத்துக் காட்ட ஓர் ஏடும் இல்லை. அதனால் குழுவே ஒரு நோட்டு போட்டிருக்கிறது. லுகாண்டாவில், பயிலும் பெண்ணின் கையெழுத்தில், அவர்களுடைய பெட்டியில் பூட்டி இருக்கிறது. அது அங்கேதான் இருக்க வேண்டும்.

எல்லோரும் அறிந்த செடிகளைப் பற்றிச் சொல்லலாம். முலுலூசா இலை கடும் கசப்பு. உகாண்டா முழுக்கக் காய்ச்சலுக்குக் குடிப்பார்கள். தான்சானியாவின் மஹாலேயில் 1987இல், உடம்பு முடியாத ஒரு சிம்பன்சி இதே செடியின் தண்டை உரித்துச் சாற்றை உறிஞ்சியதை மைக்கேல் ஹஃப்மன் என்ற ஆய்வாளர் பார்த்துப் பதிவு செய்தார். அது மருந்து என்று அவருக்குச் சொன்னவர் உடனிருந்த உள்ளூர்க்காரர் முகமதி செய்ஃபு கலுந்தே. இந்தப் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அபாசி மரத்தின் பட்டையில் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லை, பிறகு மிளகுக் காரம் நாக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கியது. இருமலுக்கும் பல்வலிக்கும் இதை மெல்வார்கள். ஜஜ்ஜா மரத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒடுக்கமாகச் சீவி எடுத்து, காயத்தில் சாணமும் மண்ணும் குழைத்து அப்பினார். “இந்தக் காயம் மூடினால்தான் திரும்ப இந்த மரத்துக்கு வருவேன்” என்றார். விற்பனைக்கு வெட்டுகிறவர்கள் சுற்றிலும் உரித்துவிடுகிறார்கள். சுற்றி உரித்த மரம் பிழைக்காது. புராஸ்டேட் வீக்கத்துக்கான மருந்துக்காக ஐரோப்பாவுக்குப் போகும் ஆப்பிரிக்கப் புரூனஸ் மரத்துக்கும் இந்தக் கதிதான் நேர்ந்தது. 1995 முதல் அதன் பன்னாட்டு வணிகம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கீழ் இருக்கிறது. ஜஜ்ஜாவின் சிறுவயதில் வீட்டுப் பின்னாலேயே கிடைத்த பட்டைக்கு இப்போது வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது. நாற்றங்கால் போட்ட காரணம் அதுதான். மரம் போனால் அந்த நோட்டில் எழுதியதை வைத்து யாருக்கு என்ன வைத்தியம் செய்ய முடியும்?

காலனி ஆட்சியும் மிஷனரிகளும் இவர்களைச் சூனியக்காரர்களோடு சேர்த்துத்தான் பார்த்தார்கள். எய்ட்ஸ் பரவியபோதுதான் பார்வை மாறத் தொடங்கியது. 1992இல் தீட்டா என்ற அமைப்பு வைத்தியர்களையும் டாக்டர்களையும் ஒன்றாக உட்காரவைத்தது. பாரம்பரிய மருத்துவத்துக்கென்று 2019இல் தனிச் சட்டமும் வந்துவிட்டது. ஒரு மாலை, காய்ச்சலோடு ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். ஜஜ்ஜா கழுத்தையும் கண்ணையும் தொட்டுப் பார்த்தார். மருந்து எடுக்கவில்லை, பேரனைக் கூப்பிட்டு ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அவர் மேல் எனக்கிருந்த மரியாதை அன்று இன்னும் கூடியது.

போக நினைப்பவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும், இந்தியா திரும்பும்போதும் கேட்பார்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரைக்கு டாக்டரைப் பாருங்கள். நாற்று நடுவது மழையை ஒட்டித்தான்: மார்ச் முதல் மே வரை ஒன்று, செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஒன்று. மழைக்கு முந்தைய வாரங்களில் மண் நிரப்ப ஆள் போதாமல் திண்டாடுகிறார்கள், அப்போது போங்கள்.