சிறார் எழுத்தாளருக்கு விருது விழா: மொரீசியசில் நடத்துவோருக்கு

சிறார் எழுத்தாளர் ஒருவருக்கு விருது கொடுக்க நூலகக் குழு முடிவெடுத்ததும், முதல் கூட்டத்திலேயே அவர் நூலின் பிரதிகளைப் பற்றிப் பேசிவிட வேண்டும். மண்டபம் பிறகு. இந்தியாவின் சாகித்திய அகாதெமி சிறார் இலக்கியத்துக்கு 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்கார் விருதோடு 50,000 ரூபாய் தருகிறார்கள். கோவில் கூடத்தில் நாலு அலமாரி வைத்திருக்கும் நம் குழுக்களுக்கு அது எட்டாது. ஆனால் எழுத்தாளருக்கு, அவர் கதையைப் படித்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நம்மால் காட்ட முடியும். புத்தகத்தைத் தொட்டே பார்க்காத பிள்ளைகள் முன்னால் பொன்னாடை போர்த்தினால் எழுத்தாளருக்கும் சங்கடம், பிள்ளைகளுக்கும் சலிப்பு.

40 பிள்ளைகளுக்கு 10 பிரதி போதும். ஆளுக்கு ஒரு வாரம் என்று சுற்றில் விட்டால் நாலு வாரம். திருப்பித் தர மறப்பவர்களுக்காக இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து பிரதிகள் வரும் பார்சல் கைக்கு வந்த பிறகே விழாத் தேதி குறிப்பது நல்லது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம், தைப்பூசக் காவடியும் வருஷப்பிறப்பும் அதற்குள்ளேயே வந்துவிடும். ஜூலை, ஆகஸ்ட் தோதானவை.

சிறார் நூல்கள் பெரும்பாலும் நடுமடிப்பில் கம்பிப் பின் அடித்த 16, 24, 32 பக்கப் புத்தகங்கள். மேட்டுநில ஊரான கியூர்பிப் பக்கத்து ஈரக்காற்றில் அந்தப் பின் துருவேறித் தாளைத் தின்றுவிடும், நடுத்தாள் கழன்றுவிடும். சுற்றில் விடும் முன்பே பின்னைக் கழற்றிப் பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். மடிப்பில் நடுவே ஒரு துளை, மேலே ஒன்று, கீழே ஒன்று. நூல் புத்தக உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு. உள்ளிருந்து நடுத்துளை வழியாக ஊசியை வெளியே எடுத்து, மேல்துளையில் உள்ளே விட்டு, உட்பக்கமாகவே கீழ்த்துளைக்குக் கொண்டுபோய் வெளியே இழுத்து, மறுபடி நடுத்துளையில் உள்ளே விடவும். இரண்டு நுனியும் அந்த நீள நூலுக்கு ஆளுக்கொரு பக்கமாக வரவேண்டும். அதைச் சேர்த்து முடிச்சிடுங்கள். ஒரே பக்கம் வந்தால் தையல் தளரும்.

இங்குள்ள பிள்ளைகள் வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி பேசுகிறவர்கள். மோக்காவின் மகாத்மா காந்தி நிறுவனம் தயாரிக்கும் பாடநூல் தமிழ்தான் அவர்களுக்குப் பழக்கம். கதையில் பேச்சுத்தமிழ் உரையாடல் வந்தால் தடுக்கி நிற்பார்கள். ‘போயிடுச்சு’வுக்குப் பக்கத்தில் ‘போய்விட்டது’ என்று ஓரத்தில் பென்சிலால் குறித்தாலே போதும், கதை ஓடிவிடும்.

பாராட்டு மடலில்தான் அதிகம் சொதப்புகிறது. தமிழ் எழுத்துரு இல்லாத அச்சகக் கணினியில் கோப்பைத் திறந்தால் கொம்பும் காலும் தனித்தனியே சிதறும். எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் கோப்பாக மட்டும் கொடுங்கள். ஒரு படி அச்சிட்டு வாங்கி ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ர/ற, ன/ண, தலைப்பெழுத்து எல்லாவற்றையும் விரல் வைத்துப் பாருங்கள். ஓவியர் பெயரும் அதில் இருக்கட்டும். படம் இல்லாமல் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புத்தகமே இல்லை.

விழா இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். விளக்கேற்றல், தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு சேர்த்து 15 நிமிடம். பிரமுகர் உரை இரண்டுக்கு மேல் போனால் பிள்ளைகள் வெளியே ஓடிவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பிள்ளைகள் வாசிப்பதற்கும் கேள்விக்கும் முக்கால் மணி நேரம் விடுங்கள். கிரியோலில் கேட்டால் தடுக்காதீர்கள், ஒருவர் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். எழுத்தாளர் காணொளியில் வருவதானால் இங்கே மாலை 3 மணி, இந்தியாவில் 4.30.

கையெழுத்துக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 40 பேருக்கு 80 நிமிடம். இங்கே பெயர்கள் பிரெஞ்சு எழுத்துமுறையில் பதிவானவை. தமிழ்நாட்டிலிருந்து வருபவர் அதைப் பார்த்து எழுதத் திணறுவார். பிள்ளையின் பெயரைத் தமிழில் எழுதிய சீட்டை முன்கூட்டியே புத்தகத்துக்குள் வைத்துவிட்டால் நேரம் பாதியாகும். காத்தோ பிமா என்ற மிளகாய் வடையும் அலூடா என்ற பால் பானமும் கையெழுத்து முடிந்த பிறகே வெளியே வரட்டும். எண்ணெய்க் கறை தாளை விட்டுப் போகாது.

பரிசுத்தொகையில் ஒரு சிக்கல் உண்டு: புனைபெயருக்கு அனுப்பிய பணம் திரும்பிவிடும். வங்கிப் பாஸ்புக்கில் உள்ளபடியே பெயரை எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். நினைவுக்கேடயத்துக்கு ஒதுக்கிய தொகை இருந்தால் அதில் அதே எழுத்தாளரின் மற்ற நூல்களை வாங்கி, தைத்து, மறுவாரமே சுற்றில் விடலாம்.