ரிக்கெற் வாங்க முதல் எந்தப் பிரிவு என்று பாருங்கள்: லண்டன் பிரையர் போய்வந்த அனுபவம்

2023 மார்ச்சில் கனடாவின் ஆண்கள் தேசியக் கர்லிங் போட்டியான பிரையர் ஒன்ராறியோ லண்டனில் நடக்கப்போகிறது என்று அறிந்த அன்றே அப்பாவைக் கூட்டிப்போவதென்று முடிவெடுத்துவிட்டேன். கர்லிங் என்றால் ஐஸில் கல்லை வழுக்கிவிட்டு வளையத்தின் நடுவுக்குக் கிட்ட நிறுத்துகிற விளையாட்டு. அப்பா கனடா வந்த புதிதில் ஒரு கர்லிங் கிளப்பில் பத்து வருடம் இரவு வேலை செய்தவர். ஐஸைச் சுரண்டிச் சமப்படுத்துவது, அதற்குமேல் நீர்த்துளி தெளித்துப் பெபிள் போடுவது எல்லாம் அவர் கையால் செய்த வேலை. கல்லை ஒருநாளும் விட்டதில்லை. ஆனாலும் ஆண்கள் தேசியப் போட்டி என்றால் பத்து நாளும் ரிவியைவிட்டு எழும்பமாட்டார்.

அதிலும் கர்லிங் வீரர் பிராட் குஷூ என்றால் உயிர். 2017-இல் சொந்த ஊரான செயின்ற் ஜோன்ஸில் குஷூ முதல் பிரையரை வென்றதையும், 2022-இல் அவருடைய நால்வர் அணியில் மார்க் நிக்கல்ஸுக்குக் கோவிட் வர மற்ற மூன்று பேருமாக நின்று விளையாடி வென்றதையும் இப்போதும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார். அவர் குஷூவை நேரில் பார்க்கவேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

நான் விட்ட பிழை: வார நடுவில் ஒரு பிற்பகல் ட்றோவுக்கு (ஒரே நேரத்தில் நடக்கிற ஆட்டங்களின் தொகுதி) மறுவிற்பனைத் தளம் ஒன்றில் அவசரப்பட்டு இரண்டு ரிக்கெற் வாங்கினேன். நாள் சரி, நேரம் சரி, வேலையில் லீவும் கிடைத்தது. விலை கூடத்தான், பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

காலையில் ஸ்காபரோவில் இருந்து வெளிக்கிட்டோம். 401-இல் வூட்ஸ்ரொக் கிட்ட வரும்போது அப்பா கேட்டார், "இண்டைக்குப் பின்னேரம் எந்தப் பிரிவு விளையாடுது எண்டு பாத்தனீயோ?"

நான் பார்க்கவில்லை.

அந்த வருடம் 18 அணிகள், ஒன்பது ஒன்பதாக இரண்டு பிரிவு. ஷீட், அதாவது கல் விடுகிற ஐஸ் பாதை, நான்குதான், ஒரு நேரத்தில் எட்டு அணிதான் இறங்கலாம். ஆகவே ஒரு ட்றோவில் ஒரு பிரிவுதான் விளையாடும், அதிலும் ஒரு அணிக்கு ஓய்வு. நீங்கள் பார்க்கப்போகிற ஆள் அந்த நேரம் ஹோட்டலில் படுத்திருக்கக்கூடும். காரை ஓரங்கட்டி அட்டவணையைத் திறந்தேன். பிற்பகல் மற்றப் பிரிவு. குஷூ இரவு ஏழு மணிக்கு.

மறுவிற்பனைத் தளத்துக்கு அடித்தேன். அரை மணித்தியாலம் காத்திருந்தபிறகு வந்த பிள்ளை, யார் விளையாடுகிறார்கள் என்பது தங்கள் பொறுப்பு இல்லை, மாற்றவும் முடியாது, காசும் திரும்பாது என்றாள். ரிக்கெற்றைத் திரும்ப விற்கலாம்தானே என்று கேட்டேன். ட்றோ தொடங்க இவ்வளவு நேரம்தான் இருக்கும்போது அதுவும் முடியாதாம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்குக் கூடுதலாக வலித்தது.

சரி, வந்தது வந்துவிட்டோம் என்று போட்டி நடந்த அரங்கமான பட்வைசர் கார்டன்ஸுக்குப் போனோம். அடுத்த சிக்கல் படி. நான் வாங்கிய இருக்கை மேல் அடுக்கில். அப்பாவுக்கு முழங்கால் ஏலாது. பாதிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்து ஒரு தொண்டர் அம்மா ஓடிவந்தா. கீழ் அடுக்கில் வெறுமையாகக் கிடந்த இரண்டு கதிரையைக் காட்டி, ஆட்கள் வந்தால் மட்டும் எழும்புங்கள் என்றா. கடைசிவரை ஒருவரும் வரவில்லை. அந்த அம்மா நன்றாக இருக்கவேண்டும்.

முழங்கால், இடுப்புப் பிரச்சினை உள்ளவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இணையத்தில் வாங்கவேண்டாம். அரங்கத்துக்கே நேரே அழைத்து, படி ஏறாத இடம் வேண்டும் என்று சொல்லுங்கள். இதை நான் பிறகுதான் அறிந்தேன்.

பிற்பகல் ஆட்டம் முடிந்ததும் ரிக்கெற் யன்னலில் போய் இரவு ட்றோவுக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டேன். வார நடு என்றபடியால் நிறையவே இருந்தது, அதுவும் நான் முதலில் கொடுத்த காசின் பாதிக்கு! யன்னலில் நின்ற பையனிடம் குஷூ எந்த ஷீட் என்றும் கேட்டேன். அட்டவணையில் ஏ, பி, சி, டி என்று போட்டிருக்கும். இதை மறக்காதீர்கள். அரங்கத்தின் ஒரு பக்கத்தில் இருந்துகொண்டு மறுபக்கக் கடைசி ஷீட்டைப் பார்த்தால் வளையத்துக்குள் எந்தக் கல் கிட்ட நிற்கிறது என்றே விளங்காது. அவன் பொறுமையாகப் பார்த்து, அந்தப் பக்கமாகவே இரண்டு இடம் தந்தான்.

இடையில் பக்கத்தில் இருந்த கொவென்ற் கார்டன் மார்க்கெற்றில் சாப்பாடு. தரிப்பிடத்துக்கு மூன்று மணித்தியாலத்துக்குத்தான் கட்டியிருந்தேன், நடுவில் ஓடிப்போய்த் திரும்பக் கட்டவேண்டி வந்தது. பத்து எண்ட் (சுற்று) ஆட்டம் ஒன்றே இரண்டரை, மூன்று மணித்தியாலம் இழுக்கும். நாள் முழுவதற்கும் கட்டிவிடுங்கள். ஐஸ் அரங்கம் என்பதால் காலுக்குப் போர்வையும் தேவை.

இரவு அப்பா ஏழு மணிவரை பொறுக்கவில்லை. ஆறரைக்கே உள்ளே போய், ஐஸ்காரர் முதுகில் தண்ணீர்த் தாங்கியோடு பின்பக்கமாக நடந்து கையை இடவலமாக வீசிப் பெபிள் போடுவதைக் கம்பியில் சாய்ந்துகொண்டு பார்த்தார். "ஒரே சீரா வீசுறான் பார். கை நிண்டா அந்த இடத்தில கல்லு இழுக்கும்." அவர் செய்த வேலையை அவ்வளவு விளக்கமாக எனக்குச் சொன்னது அன்றுதான்.

பிறகு குஷூ எங்களுக்கு நேர் முன்னால் வந்து குந்தினார், முதல் கல்லை விட்டார். அப்பா என் கையைப் பிடித்தவர், அந்த எண்ட் முடியும்வரை விடவில்லை.

ஞாயிறு இறுதியாட்டத்தை வீட்டில்தான் பார்த்தோம். மனிற்றோபாவின் மட் டன்ஸ்ரனை 7-5 என்று வென்று, ஸ்கிப்பாக, அதாவது அணித் தலைவராக, ஐந்து பிரையர் எடுத்த முதல் ஆள் ஆனார் குஷூ. மறுவிற்பனைத் தளத்துக்கு நான் எழுதிய மூன்று மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை.