நைஸ் என்றால் அசடு

நாலு வரியைத் தமிழில் கொண்டுவர எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதில் இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே ஒரு சொல்லோடு போனது. சின்னக் குழந்தையும் சொல்லும் 'நைஸ்'தான் அந்தச் சொல்.

எங்கள் வாசிப்புக் குழுவில் 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரின் கேன்டர்பரி கதைகளை எடுத்திருந்தோம். ஆளுக்கு ஒரு துண்டு, தமிழில் எழுதிவந்து வாசிக்க வேண்டும். எனக்கு விழுந்தது பாத் நகரத்துப் பெண்மணி சொல்லும் கதை. ஆர்தர் அரசவை வீரன் ஒருவன் ஒரு பெண்ணைக் கெடுத்துவிடுகிறான். தலை போக வேண்டிய குற்றம். அரசி குறுக்கிட்டு, "பெண்கள் எல்லாவற்றையும்விட அதிகம் விரும்புவது எது? ஒரு வருஷமும் ஒரு நாளும் தவணை. சரியாகச் சொன்னால் தலை தப்பும்" என்கிறாள். அவன் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு அலைகிறான். பணம் என்கிறார்கள், மரியாதை என்கிறார்கள். நல்ல துணிமணி, படுக்கைச் சுகம், முகஸ்துதி என்று ஆளுக்கொரு பதில்.

அதில் ஒரு பதில்தான் என் நாலு வரி. இஷ்டப்படி இருக்கவிட வேண்டும், குறையை எவனும் கண்டிக்கக் கூடாது, அப்புறம் நாங்கள் 'வைஸ் அண்ட் நோ திங் நைஸ்' (wise and no thing nice) என்று சொல்ல வேண்டும். நான் எழுதிக்கொண்டு போனது இது: "நாங்கள் அறிவாளிகள், ஆனால் எங்களிடம் இனிமையாக எதுவும் இல்லை என்று சொல்ல வேண்டும்." எழுதும்போதே இடறியது. சாசர் கிண்டல்காரர், இதுவும் ஏதோ கிண்டல் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

குழுவில் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் 'மேடம்'. தாளை வாங்கிப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், சிரித்தார்.

"எந்தப் பொம்பளைம்மா தன்னைப் பத்தி இப்படிச் சொல்லணும்னு ஆசைப்படுவா?"

"கிண்டல்னு நெனச்சேன் மேடம்."

"தெரியாத வார்த்தைக்கெல்லாம் ஓரத்துல பென்சில்ல அர்த்தம் எழுதியிருக்கே. இதுக்கு மட்டும் ஏன் எழுதலே?"

தெரிந்த வார்த்தை என்பதால்தான். அதை வாய்விட்டுச் சொல்லவே வெட்கமாக இருந்தது.

மிஷிகன் பல்கலைக்கழகத்தின் மிடில் இங்கிலீஷ் அகராதியைப் பார்க்கச் சொன்னார். ஏறக்குறைய 1100 முதல் 1500 வரையிலான ஆங்கிலத்துக்கென்றே தொகுத்த அகராதி. 1952இல் அச்சில் வரத் தொடங்கி முடிய 2001 ஆயிற்று. இப்போது இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. காசில்லாமல் கிடைப்பது வேறு, உள்ளே நுழைவது வேறு. அந்தக் காலத்தில் எழுத்துக்கூட்டலுக்கு ஒரு ஒழுங்கு கிடையாது. இதே சொல்லை ஐ போட்டு எழுதியிருக்கிறார்கள், ஒய் போட்டு எழுதியிருக்கிறார்கள், சி வரும் இடத்தில் எஸ் போட்டும் எழுதியிருக்கிறார்கள். மேற்கோள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆண்டு வேறு இரண்டிரண்டாக இருந்தது. ஒன்று அந்தக் கையெழுத்துப் பிரதியின் காலம், அடைப்புக்குறிக்குள் இருப்பது நூல் இயற்றப்பட்ட காலம் என்று புரிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போயிற்று.

புரிந்த பிறகு வாசித்தால் திக்கென்றது. முதல் பொருளே மூடத்தனமான, அறிவில்லாத, அபத்தமான. கீழே போகப் போக இன்னும் மோசம்: ஒழுக்கம் கெட்ட, காமவெறி கொண்ட, பகட்டான. அதற்கும் கீழே சோம்பிய, தைரியமில்லாத, தொட்டதற்கெல்லாம் முகம் சுளிக்கிற. நாம் பிறந்தநாள் வாழ்த்துக்குக் கீழே போடும் 'நைஸ்' அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. 'நோ திங்' என்பதும் இன்றைய 'எதுவும் இல்லை' அல்ல, 'கொஞ்சங்கூட இல்லை'. ஐந்தே சொல்லில் இரண்டு குழி, இரண்டிலும் விழுந்திருந்தேன். அந்தப் பெண்கள் கேட்டது இவ்வளவுதான்: எங்களை விவரமானவர்கள் என்று சொல், அசடு என்று சொல்லாதே.

சொல்லின் பூர்வீகத்தைத் தேடியது எனக்கு வேண்டாத வேலை, ஆனால் ருசித்தது. லத்தீனில் 'நெஸ்கியுஸ்', அறியாதவன். 'நெ' என்றால் இல்லை, 'ஸ்கீரே' என்றால் அறிதல். அதே ஸ்கீரேயிலிருந்து கிளைத்ததுதான் சயின்ஸ். ஆக சயின்ஸும் நைஸும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், ஒன்று அறிவு, மற்றது அறியாமை. லத்தீனிலிருந்து பிரெஞ்சுக்குப் போய், அங்கே அசடு என்ற பொருளோடு இருந்து, 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. சாசர் காலத்தில் உச்சரிப்பும் நைஸ் அல்ல, கிட்டத்தட்ட 'நீஸ'. முந்தைய வரியில் குறை என்ற இடத்தில் வரும், குற்றத்தைக் குறிக்கும் இன்னொரு 'வைஸ்' (vice) அப்போது 'வீஸ'. இரண்டும் அடுத்தடுத்த வரிகளின் கடைசியில் எதுகைபோல வந்து உட்காரும். நீஸ என்று சத்தமாக வாசித்தபோது நம்முடைய 'நீசன்' ஞாபகம் வந்தது. இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வாட்ஸ்அப்பில் யாராவது கிளப்பிவிடுவதற்குள் சொல்லிவைக்கிறேன்.

அசடு எப்படி அழகானது என்று கேட்டால், ஒரே தாவலில் ஆகவில்லை. எதற்கெடுத்தாலும் முகம் சுளிப்பவன் ஒரு கோணத்தில் பார்த்தால் ரசனைக்காரன், பார்த்துப் பொறுக்குகிறவன். அங்கிருந்து நுணுக்கமான, துல்லியமான என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில் வந்துவிட்டது. நுண்ணிய வேறுபாட்டை ஆங்கிலத்தில் இன்றும் 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்பார்கள். இனிமையான என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ஜேன் ஆஸ்டினின் நார்த்தாங்கர் அபே நாவலில் ஹென்றி டில்னி என்பவன், எதைப் பார்த்தாலும் நைஸ் என்கிறாயே என்று கதாநாயகியைச் சீண்டுவான். ஆதியில் அது நேர்த்தியையும் நளினத்தையும் குறித்த சொல்லாக இருக்கும் என்று விளக்கமும் கொடுப்பான். பாதி வழி மட்டும் போய்த் திரும்பியிருக்கிறான் பாவம். இன்னும் ஐந்நூறு வருஷம் பின்னால் போயிருந்தால் அவனுடைய கிண்டல் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

இதெல்லாம் தலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில் அம்மா அடுக்களையிலிருந்து கத்தினார்: "தேங்காய்ச் சட்னியை நைசா அரைச்சுத் தொலைச்சுடாதே, கொரகொரன்னு இருக்கட்டும்!" மிக்சி ஜாரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். இன்றைய ஆங்கிலத்தில் மாவும் சட்னியும் நைஸாக அரைபடாது. நம் வீட்டு 'நைஸ்', இனிமையைவிட அந்தப் பழைய நுண்மைக்குத்தான் பக்கத்தில் இருக்கிறது. 'நைசா நழுவிட்டான்' என்பது இன்னொரு தினுசு. இதற்குள் சட்னி நைசாகிவிட்டது, வசவும் கிடைத்தது.

பொருள் கிடைத்துவிட்டதே, வேலை முடிந்தது என்று நினைத்தேன். தமிழ்ச் சொல் கிடைக்கவில்லை. 'முட்டாள்' அடிப்பதுபோல இருந்தது. 'பேதை' பொருத்தம், ஆனால் ஒரு பெண்ணைப் பேதை என்றால் தமிழில் அது வசவாக நிற்காமல் இரக்கமாகிவிடுகிறது. 'வெகுளி' பாராட்டாகவே ஆகிவிட்டது. 'மடமை' என்று எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மடமை என்றால் அறிவின்மை, சந்தேகமில்லை. அதன் உடன்பிறப்பான மடத்தைத் தொல்காப்பியம் அச்சத்தோடும் நாணத்தோடும் சேர்த்துப் பெண்களுக்கு உரியதென்று வைக்கிறது. அறியாமை பெண்ணுக்கு அழகாகிப்போன கதை நம்மிடமும் இருக்கிறது, லத்தீன் வரைக்கும் போகத் தேவையில்லை. அந்தக் கோபத்தில் 'மடம்' என்றே போட்டுவிடலாமா என்று யோசித்தேன். மேடம் தலையை ஆட்டிவிட்டார். "உன் சண்டையை சாசர் வாயில திணிக்காதே." சரிதான். கடைசியில் எழுதியது: "விவரமானவள், அசட்டுத்தனம் துளியும் இல்லாதவள் என்று சொல்ல வேண்டும்." அந்த வீஸ, நீஸ ஓசை தமிழில் வரவில்லை. விட்டுவிட்டேன்.

அகராதியை மூடும் முன் மேடம் இன்னொரு இடத்தைக் காட்டினார். டிராய்லஸும் கிரிசெய்டும் காவியத்தின் இரண்டாம் பாகத் தொடக்கத்தில் சாசரே சொற்களைப் பற்றிப் பேசுகிறார். ஆயிரம் ஆண்டுக்குள் பேச்சின் வடிவம் மாறிவிடுகிறது, அன்று மதிப்போடு இருந்த சொற்கள் இன்று நமக்கு மிகவும் அபத்தமாகவும் விநோதமாகவும் படுகின்றன, ஆனாலும் அவர்கள் அப்படித்தான் பேசினார்கள் என்கிறார். அந்த 'அபத்தம்' என்ற இடத்தில் அவர் போட்டிருக்கும் சொல் 'நைஸ்'. ஆயிரம் ஆண்டு என்று கணக்குப் போட்டார். அவர் இறந்தது 1400இல், இந்தச் சொல்லுக்கு நானூறு ஆண்டே போதுமானதாக இருந்தது.

இப்போது அடுத்த வரியில் நிற்கிறேன். எங்களை 'கால்' (gall, நம் கால் அல்ல) என்ற இடத்தில் யாராவது சொறிந்தால் உதைக்காமல் விடமாட்டோம் என்கிறாள் அந்தப் பெண்மணி. இந்த ஆங்கிலக் 'கால்' தெரிந்த சொல்தான், பித்தம். இந்தத் தடவை முதலில் அகராதியைத் திறந்தேன். 'கால்' இரண்டு இருக்கிறது. ஒன்று பித்தம், மற்றது குதிரைக்குத் தோல் உரசி உரசி வரும் புண். பென்சிலால் ஓரத்தில் 'புண்' என்று எழுதிவைத்திருக்கிறேன்.