நேர்ந்த கிடாவின் ஈரலில் கட்டி: கொடை அன்று நாங்கள் செய்தது

எங்கள் ஊர் நாங்குநேரி பக்கம். சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்டு அத்தை வளர்த்த கிடா அது. கோயில் கொடைவிழாவின் நடுச்சாமப் பூசையான சாமக்கொடையில் வெட்டி, விடியும் நேரத்தில் உரித்துக் கூறுபோட உட்கார்ந்தால், ஈரலில் நெல்லிக்காய்ப் பருமனில் வெள்ளைக் கட்டிகள், உள்ளே தண்ணீர். நுரையீரலிலும் அப்படியே. "சாமி ஏத்துக்கிடலையே" என்று அத்தை அழுதுவிட்டாள். கட்டியை நறுக்கி நாய்க்குப் போட்டுவிட்டு மிச்சத்தை உலையில் போடலாம் என்றார் சித்தப்பா.

கொஞ்சம் பொறுங்க என்று சொல்லி, கால்நடை மருந்தக டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "கட்டியைக் கீறாதீங்க. நாயை அண்ட விடாதீங்க. நான் வாரேன்."

வந்தவர் முதலில் விசாரித்தது கிடா உயிரோடு இருந்த கதையை. நேற்று மேய்ந்ததா, அசை போட்டதா, கழிச்சல் உண்டா, தானாக நடந்து வந்ததா? திடீரென்று செத்த ஆடு என்றால் பேச்சே வேறு. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் என்று சந்தேகம் இருந்தால் உடலைக் கீறவே கூடாதாம். காற்றுப் பட்டால் அந்தக் கிருமி வித்தாக மாறி மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். பிறகு சுவரொட்டி (மண்ணீரல்), சிறுநீரகம், கொழுப்பின் நிறம், தொடைச்சதை என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். கொழுப்பு மஞ்சள் பூத்து, சதை நீர்கோத்திருந்தால் முழு ஆடும் குழிக்குத்தான். எங்கள் கிடாவுக்குச் சதை சுத்தம். ஈரலும் நுரையீரலும் ஆகாது, மற்றதை நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம் என்றார்.

கட்டிக்குக் காரணம் எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழு. அது வளர்வது நாயின் குடலில். முட்டை நாயின் மலத்தோடு புல்லில் விழும். மேயும் ஆட்டுக்குள் போய்க் கட்டியாகும். அந்த ஈரலைப் பச்சையாகத் தின்கிற நாய்க்கு மறுபடி புழு. மனுசருக்குக் கறியால் வராது, நாய் மலத்திலிருந்து கையிலும் கீரையிலும் ஒட்டும் முட்டையால் வரும். நம் ஈரலிலும் வலி தெரியாமல் வருடக்கணக்கில் வளரும். தெருவில் புழுதி அளைகிற பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் பதறுகிறது. எத்தனை கொடையில் எத்தனை ஈரல் நாய்க்குப் போயிருக்கும்!

கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். நாய் தோண்டாமலிருக்க மேலே உடைமுள். அரிவாளையும் பலகையையும் கொதிநீரில் கழுவினோம்.

அத்தையைத் தேற்றுவதுதான் பெரும்பாடு. "கிடா மேல குத்தம் இல்லம்மா. நாய்க்குப் பூச்சி மருந்து குடுத்தா இது வராது" என்று டாக்டர் சொல்லியும் மனசு ஆறவில்லை. மாடனுக்குச் சாமியாடுகிற கோமரத்தாடி பெரியப்பாதான் வந்து, "தொடைக்கறிய வையி, மாடன் வேண்டாம்னா சொல்லப் போறான்" என்றார். அந்த மனுசர் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. படையல் நடந்தது, எல்லோரும் சாப்பிட்டோம்.

வீட்டு நாய்களுக்கு எடைக்குத் தக்கபடி பிராசிகுவான்டல் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொடுத்தபின் கட்டிப்போட்டு, மலத்தை அள்ளிப் புதைக்கச் சொன்னார். தெருநாய்களுக்கும் மருந்து கொடுக்கக் கேட்டு அடுத்த கிராம சபையில் மனுக் கொடுக்கிறோம். கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன், முதல் கையெழுத்து சித்தப்பாவுடையது.