ஆறுதலா விழுங்கோ

கொழும்புக்கு வந்த மூன்றாவது மாதம், வெள்ளைப் பயிற்சி உடை போட்ட ஒருவர் என்னைப் பார்த்து "ஆறுதலா விழுங்கோ தங்கச்சி" என்றார். எதை விழுங்கச் சொல்கிறார் என்று தெரியாமல் முழித்தேன். வாயில் ஒன்றும் இல்லை. எதிரே ரப்பர் பாய் விரித்திருந்தது. அப்புறம்தான் உறைத்தது, கீழே விழச் சொல்கிறார். சரி, விழலாம். ஆனால் அதில் ஆறுதல் எங்கிருந்து வந்தது? மதுரையில் ஆறுதல் என்பது சாவு வீட்டில் சொல்வது. இங்கே அதற்கு 'அவசரப்படாமல், மெதுவாக' என்று பொருள் என அன்றைக்குத் தெரியாது.

2022 ஜனவரியில் வந்தேன். ஆயத்த ஆடை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்கு வேலை. வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையில். ஒரு வருட வாடகையை மொத்தமாக முன்பணம் கேட்டார்கள், கொடுத்தேன். கரையோர ரயில் போகும்போதெல்லாம் சமையலறைப் பாத்திரங்கள் கிலுகிலுக்கும். "வெள்ளவத்தைன்னா தமிழ் ஆளுகதானே, உனக்கென்ன கவலை" என்று ஊரில் சொல்லி அனுப்பினார்கள். தமிழ்தான். ஆனால் சோப்பு கேட்டால் சவர்க்காரம், ரொட்டி கேட்டால் பாண், பேசுவது கிடையாது, கதைப்பதுதான். நான் 'ஆமா' என்று சொன்ன உடனே காய்கறிக் கடைக்காரர் "இந்தியாவோ?" என்பார். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்நிய மொழிக்கு நடுவில் ஊமையாக இருப்பதுகூடப் பழகிவிடும். சொந்த மொழிக்குள்ளேயே வெளியாளாக நிற்பது வேறு மாதிரி எரிச்சல்.

அந்த எரிச்சலுக்கு எண்ணெய் ஊற்றுவது போல நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. பெட்ரோலுக்கு வரிசை, காஸ் சிலிண்டருக்கு வரிசை. அப்படி ஒரு காஸ் வரிசையில், நடுவில் புகுந்த ஒருவரோடு நான் தொண்டை கிழியச் சண்டை போட்டேன். மதுரைத் தமிழில் என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. எனக்குப் பின்னால் நின்றவர் என் வீட்டுக்குக் கீழ் மாடியில் குடியிருக்கும் அண்ணா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது கொழும்பில். முழுவதையும் கேட்டுவிட்டு, "இவ்வளவு கோபத்தை வீணாக்காதேங்கோ, செவ்வாய்க்கிழமை பின்னேரம் வாங்கோ" என்று ஒரு மண்டபத்தின் பெயரைச் சொன்னார்.

அய்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை வகுப்பு. கோபக்காரிக்குக் குத்தவும் உதைக்கவும் கற்றுத் தரப்போகிறார்கள் என்று ஆசையாகத்தான் போனேன். முதல் ஒன்றரை மாதம் விழ மட்டும்தான் விட்டார்கள். முன்னால் உருண்டு விழுவது, பின்னால் சரிந்து விழுவது. அதற்கு உகேமி என்று பெயர். ஜப்பானியச் சொல்லில் 'விழுதல்' கிடையாதாம், 'உடம்பால் ஏற்றுக்கொள்வது' என்றுதான் பொருளாம். சென்செய், அதாவது எங்கள் ஆசான், சிங்களவர், ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரிந்த தமிழ் பத்து வார்த்தை, எனக்குத் தெரிந்த சிங்களம் ஐந்து. நான் பல்லைக் கடித்துக்கொண்டு தொப்பென்று விழும்போதெல்லாம் "ஹெமின், ஹெமின்" என்பார். பக்கத்தில் அண்ணா மொழிபெயர்ப்பார்: "ஆறுதலா."

பயிற்சிக்கு நடுவில் கரண்ட் போய்விடும். ஒரு போன் டார்ச்சைக் கூரைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வட்டமாக உட்காருவோம். அந்த இருட்டில்தான் சென்செய் சுவரில் தொங்கும் தாடிக்காரக் கிழவரின் கதையைச் சொன்னார். பாதி சிங்களம், பாதி ஆங்கிலம், மீதி அண்ணாவின் தமிழ்.

அந்தக் கிழவர் மோரிஹெய் உயேஷிபா, அய்கிடோவை உருவாக்கியவர். 1883ல் ஜப்பானின் தனாபே என்ற ஊரில் பிறந்தவர். அவரும் பிழைக்க வேறு மண்ணுக்குப் போனவர்தான் என்பது எனக்குப் பிடித்துப்போனது. 1912ல் ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்களோடு வடக்கே ஹொக்கைடோவில் ஷிராதாகி என்ற காட்டுப் பகுதிக்குப் போய்க் குடியேறியிருக்கிறார். அங்கேதான் சோகாகு தகேதா என்ற ஆசானிடம் தாய்த்தோ ரியு என்ற சண்டைக் கலையைக் கற்றார். தகேதா மகா திறமைசாலி, யாரையும் நம்பாதவர், கோபத்துக்குப் பேர் போனவர். கை கால்களை ஆளத் தெரிந்துவிட்டால் மனசையும் ஆளத் தெரிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இவர் கதையைச் சொல்லலாம்.

1919 கடைசியில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று உயேஷிபாவுக்குத் தகவல் வருகிறது. ஊருக்குக் கிளம்பியவர் வழியில் அயாபே என்ற இடத்தில் இறங்கிவிட்டார். ஓமோதோ என்ற புதிய மதத்தின் தலைவர் ஒனிசாபுரோ தெகுச்சியைப் பார்த்து அப்பாவுக்காக வேண்டிக்கொள்ள. அங்கே சில நாள் தங்கி, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பா இல்லை. இந்த இடத்தில் டார்ச் வெளிச்சத்தில் யாரும் பேசவில்லை. வெளிநாட்டில் இருக்கிற எல்லாருக்கும் அந்த போன் எப்போது வரும் என்ற பயம் அடிவயிற்றில் உண்டு. எனக்கும் உண்டு, அம்மா மதுரையில் தனியாக இருக்கிறார்.

பிறகு அவர் குடும்பத்தோடு அயாபேக்கே குடிபோனார். அந்த மதத்திலிருந்துதான் அவருடைய கலைக்கு ஆன்மிக வாசனை வந்தது: மூச்சு, ஒலி, பிரபஞ்சத்தோடு இசைவது எல்லாம். 1925ல் ஒரு கடற்படை அதிகாரி மரவாளோடு அவரைத் தாக்க வந்தாராம். ஒவ்வொரு வீச்சுக்கும் இவர் விலகிக்கொண்டே இருக்க, அதிகாரி களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டார். அதன் பின் தோட்டத்துக்குப் போனபோது பூமி அதிர்ந்ததாகவும், பொன்னிறமான ஏதோ ஒன்று தன்னைச் சூழ்ந்ததாகவும், வெல்வதற்கு வெளியே யாரும் இல்லை என்று புரிந்ததாகவும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

எனக்கு இந்த மாதிரிப் பொன் வெளிச்சக் கதைகளில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் மதுரைக்காரியாக வேறொன்று ஞாபகம் வந்தது. 1896ல் மீனாட்சி கோயிலுக்குப் பக்கத்து வீட்டு மாடியில் 16 வயசுப் பையன் ஒருவன் திடீரென்று வந்த மரண பயத்தைத் தாங்க முடியாமல், தரையில் பிணம் போல விறைத்துப் படுத்து, சாவது யார் என்று உள்ளே பார்த்தான். வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போய் ரமணர் ஆனான். அவர் ஒரே ஒரு தடவை விழுந்தார், வேலை முடிந்தது. என்னைப் போன்றவர்கள் செவ்வாயும் வியாழனும் நூறு தடவை விழ வேண்டியிருக்கிறது.

உயேஷிபா அடிக்கடி சொன்னது 'மசகட்சு அகட்சு'. மெய்யான வெற்றி தன்னை வெல்வது என்று அர்த்தம். ஜப்பானியப் புராணத்தில் வரும் ஒரு தெய்வத்தின் நீளமான பெயரிலிருந்து எடுத்த சொற்கள். அதனால்தான் பெரும்பாலான அய்கிடோ பள்ளிகளில் போட்டி கிடையாது, கோப்பை கிடையாது. விழ வைப்பவரும் விழுபவரும் நாலு தடவைக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும். எனக்கு ஆரம்பத்தில் இது ஏமாற்றமாக இருந்தது. தன்னை வெல்வது என்றால் கோபத்தைக் கழுத்தைப் பிடித்து அமுக்குவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். தோளை இறுக்கி, தாடையை இறுக்கி. அண்ணா தோளில் தட்டி, "இது அடக்கிறது இல்லை, இது ஒளிச்சு வைக்கிறது" என்றார்.

டென்கான் என்று ஒரு அசைவு. ஒருவர் நம் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார். இழுத்தால் அவரும் இழுப்பார், தள்ளினால் தள்ளுவார். பிடித்த கையை அவரிடமே விட்டுவிட்டு, ஒரு கால் வைத்துச் சுழன்று அவர் பக்கத்தில் போய், அவர் பார்க்கிற திசையைப் பார்த்து நிற்க வேண்டும். அவ்வளவுதான். இதைச் சரியாகச் செய்ய எனக்கு ஏழு மாதம் ஆனது. பலமே தேவையில்லை என்பதுதான் இதில் கஷ்டம்.

அந்தப் பயிற்சியில் ஒருநாள் நான் அண்ணாவின் வலது மணிக்கட்டைக் கொஞ்சம் வேகமாகப் பிடித்துவிட்டேன். அவருடைய இடது கை நெஞ்சுப் பக்கம் போனது. பயிற்சி உடையில் பை கிடையாது. கை அங்கேயே நின்று, பிறகு இறங்கியது. அவர் சிரித்துவிட்டு "திருப்பிப் பிடியுங்கோ" என்றார். வகுப்பு முடிந்து பிளேன்டீ குடிக்கும்போது அவராகவே சொன்னார். "சண்டைக் காலத்தில ஆரும் கையைப் பிடிச்சா முதல்ல ஐசியை, அடையாள அட்டையைத்தான் தேடுவம். இருபது வருசமாப் பழகுறன். இந்தக் கை மட்டும் பழகேல்ல." தமிழர்களுக்கு எதிரான கலவரம் நடந்த 1983ல் அவருக்கு 12 வயது. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காஸ் வரிசையில் நான் போட்ட கூச்சல் காதில் ஒலித்தது. அவருக்குப் பக்கத்தில் சென்செய் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். வாரம் இரண்டு நாள் அந்தக் கையைப் பிடிப்பவர் அவர்தான்.

இந்தத் தத்துவத்தை அப்படியே விழுங்க (இப்போது உண்மையாகவே விழுங்கத்தான்) எனக்குச் சில தயக்கங்கள் உண்டு. அன்பு, இசைவு என்று பின்னாளில் பேசிய உயேஷிபா, போருக்கு முந்தைய ஜப்பானில் ராணுவப் பள்ளிகளில் கற்றுக் கொடுத்தவர். தீவிர தேசியவாதிகளோடு பழகியவர். 1942ல் இவாமா என்ற கிராமத்துக்கு ஒதுங்கி விவசாயம் பார்க்கத் தொடங்கினார். அது மனமாற்றமா, களைப்பா, கணக்கா என்று வெளியிலிருந்து எப்படித் தீர்ப்புச் சொல்வது? அதே போல, போர்க்கலையைக் குறிக்கும் ஜப்பானிய 'பு' எழுத்துக்கு 'ஈட்டியை நிறுத்துவது' என்று பொருள் என சென்செய் பெருமையாகச் சொல்வார். அந்த எழுத்தின் பழைய வடிவத்தில் இருப்பது கால், ஈட்டியோடு நடந்து போவதுதான் மூலப்பொருள் என்று மொழி ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நிறுத்துவதும் நடப்பதும் ஒரே எழுத்தில் இருப்பதுதான் எனக்கு நேர்மையாகப் படுகிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்த மண்டபம் என்னை ஜெயித்துவிட்டது. வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் கிழவரின் படத்தைப் பார்த்து முழங்காலிட்டு வணங்குவோம். நான் கோயிலில் போல விழுந்து கும்பிட்டுவிடுவேன். எங்களோடு பழகும் ஒரு முஸ்லிம் பையன் குனிய மாட்டான், நிமிர்ந்து உட்கார்ந்து தலையை மட்டும் லேசாக அசைப்பான். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பயிற்சி மண்டபத்தைக் குறிக்கும் டோஜோ என்ற சொல்லே பௌத்தத்திலிருந்து வந்ததாம். புத்தர் ஞானம் பெற்ற போதிமண்டம் என்ற சொல்லைச் சீனத்தில் மொழிபெயர்த்து, அது ஜப்பானுக்குப் போயிருக்கிறது. தெருவுக்குத் தெரு அரச மரத்தைச் சுற்றி மதில் கட்டி விளக்கேற்றும் இந்த ஊரில் அது பொருத்தமாகத்தான் இருக்கிறது. போயா நாளில் மட்டும் வகுப்பு கிடையாது. பௌர்ணமி என்றால் பயிற்சிக்கு விடுமுறை என்பதை ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

இப்போது எனக்கு நாலாவது கியூ, கறுப்புப் பட்டைக்கு முந்தைய படிகளில் ஒன்று. பெரிய விஷயம் இல்லை. கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. வருடா வருடம் விசா புதுப்பிக்கக் காத்திருக்கும் நாட்களில் நன்றாகவே வரும். வரும்போது தோள் காதுவரை ஏறியிருப்பது தெரிகிறது. முன்பு அது தெரியாது.

போன மாதம் அம்மா முதல்முறையாக வந்தார். மதுரையிலிருந்து நேர் விமானம். வீட்டுக்கு வந்த நேரம் பார்த்து லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி, அம்மாவுக்கு மூட்டு வலி. பெட்டியோடு முன்னால் ஏறிக்கொண்டிருந்த நான் திரும்பாமலே, "ஆறுதலா வாங்கம்மா" என்றேன். பின்னால் காலடிச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முகம் வெளுத்து நிற்கிறார்.

"ஏன்டி, யாருக்கு என்ன ஆச்சு?"