சுண்டு விரல் மரக்கிறதா?

ராத்திரி மூன்று மணிக்குக் கையை உதறிக்கொண்டே எழுந்து உட்கார்வது எனக்குப் பழகிப்போயிருந்தது. வலது கை. கட்டை விரலில் தொடங்கி நடு விரல் வரை எறும்பு ஊரும். உதறினால் கொஞ்சம் அடங்கும், படுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். இருபது வருடமாகத் துணி வெட்டித் தைக்கிறவள் நான். கைவலியைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. விரலிடுக்கில் பிடித்திருந்த ஊசி நழுவியதே தெரியாமல், வெறும் விரல்களால் துணியைக் குத்தப்போன அன்றுதான் பயம் வந்தது.

கழுத்துவலிக்காக ஒரு கைரோபிராக்டரிடம், அதாவது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அசைத்துச் சிகிச்சை தருகிறவரிடம், ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தேன். கழுத்தை ஒரு சொடக்கு எடுத்தால் கையும் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் அவரிடம் சொன்னேன். அவர் கழுத்துப் பக்கமே போகவில்லை. “சுண்டு விரல் மரக்குதா?” என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். அது மட்டும் ஒரு நாளும் மரத்ததில்லை.

மணிக்கட்டின் உள்பக்கத்தில் சின்ன எலும்புகள் தொட்டிபோல வளைந்திருக்கின்றன. அதன்மேல் கெட்டியான ஒரு தசைநார் மூடியாக இருக்கிறது. அந்தச் சந்துக்குள்தான் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், கூடவே மீடியன் நரம்பும் போகின்றன. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் எலும்பும் விலகாது, தசைநாரும் விலகாது, நசுங்குவது நரம்புதான். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரலில் பாதி, இவ்வளவுக்கும் உணர்ச்சி தருவது அந்த நரம்பு. சுண்டு விரலுக்கு வேறு நரம்பு, வேறு பாதை. அவர் பஞ்சால் தடவிப் பார்த்தபோது என் மோதிர விரலின் ஒரு பக்கம் தெளிவாகத் தெரிந்தது, மறு பக்கம் மந்தமாக இருந்தது. ஒரே விரலுக்குள் எல்லைக்கோடு! அப்புறம் புறங்கைகள் இரண்டையும் ஒட்டவைத்து, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் இருக்கச் சொன்னார். நிமிடம் முடிவதற்குள் எறும்பு வந்துவிட்டது.

நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் நரம்பு கடத்தல் சோதனை செய்யச் சொன்னார். சர்க்கரை, தைராய்டு இரண்டுக்கும் ரத்தம் பார்க்கச் சொன்னார், ஏனென்றால் அவையும் இதைக் கொண்டுவரும். நான் அவரை நம்பத் தொடங்கியது அப்போதுதான். முடிவு வந்தது: கார்பல் டனல், அதாவது அந்த மணிக்கட்டுச் சந்துக்குள் நரம்பு நசுங்கும் கோளாறு, ஆரம்ப நிலை.

பிறகு சில வாரங்கள் மணிக்கட்டு மூட்டுகளை மெதுவாக அசைத்துவிட்டார், முன்கையை நீவிவிட்டார். சுகமாகத்தான் இருந்தது. ஆனால் என் தூக்கத்தைத் திருப்பித் தந்தது, மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையான ஸ்பிளின்ட் என்று நினைக்கிறேன். தூக்கத்தில் கை மடங்கினால் சந்துக்குள் அழுத்தம் ஏறுகிறது. அதை அது தடுக்கிறது. 1998-இல் வெளியான ஓர் ஆய்வில் 91 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கைரோபிராக்டிக் சிகிச்சை, மற்றதற்கு ஐபுப்ரோஃபென் மாத்திரை. இரு பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறின. இரவில் மணிக்கட்டுப் பட்டை இரண்டு பிரிவுக்குமே இருந்தது. என் கையில் எது வேலை செய்தது என்று யோசிக்கும்போதெல்லாம் அந்தப் பட்டைதான் நினைவுக்கு வருகிறது.

கழுத்தில் நசுங்கிய நரம்பு மணிக்கட்டில் சீக்கிரம் பழுதாகும் என்று 1973-இலேயே ஒரு கருத்து முன்வைக்கப்பட்டது. அதைச் சொல்லிக் கழுத்தைத் திருப்ப வருகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. கழுத்தை வெடுக்கென்று திருப்பும்போது, அரிதாக என்றாலும், ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போயிருக்கிறது. கை விரல் மரப்பதற்காக அந்த அபாயம் எதற்கு?

உங்களுக்கும் இப்படி இருந்தால் இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டை விரலுக்கு அடியில் இருக்கும் சதைமேடு ஒரு கையில் வற்றியிருந்தால், நீவிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். நேராக மருத்துவரிடம் போங்கள். சந்தை மூடியிருக்கும் அந்தத் தசைநாரை வெட்டி நரம்புக்கு இடம் கொடுக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது; தாமதித்தால் வற்றிய சதை முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

நான் கத்தரிக்கோலை மாற்றிவிட்டேன். வெட்டியதும் தானாக விரியும் ஸ்பிரிங் வைத்தது. தடித்த துணியை நான்கு மடிப்பாக வெட்டுவதில்லை, இரண்டுதான். நேரம் பிடிக்கிறது, பரவாயில்லை. நடு விரல் நுனியில் மட்டும் இன்னும் கொஞ்சம் மந்தம் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி சோதனை. அதுவரை ஸ்பிளின்டைக் கட்டாமல் படுப்பதில்லை.