காஸ் மேட்டில் அழுகண்ணி தேடி மூன்று தடவை

மூன்றாவது தடவைதான் அழுகண்ணி கண்ணில் பட்டது. அதுவும் முந்தின தடவை குடையும் கையுமாக அரை மணி நேரம் நின்ற அதே பாறை ஓரத்தில்.

வேலை புனேயில். மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு கிடைத்தால் சாத்தாராவுக்கு பஸ் ஏறிவிடுவேன். அங்கிருந்து மேற்கே 25 கிலோமீட்டரில் காஸ் மேடு, ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். கூட்டமெல்லாம் பூ பார்க்க வருகிறது. எனக்குப் பூச்சி தின்னும் செடி வேண்டும். தமிழில் அழுகண்ணி எனும் ட்ரோசெராவில் பர்மன்னி, இண்டிகா என்ற இரண்டு வகையுமே இங்கே உண்டு என்று படித்ததிலிருந்து பிடித்த கிறுக்கு.

ஆகஸ்ட் நடுவில் போன முதல் தடவை முழுத் தோல்வி. பத்தடி தள்ளி ஆள் தெரியாத பனிமூட்டம். செல்போன் திரை நிறையப் படம் பார்த்துப் பழகியதில் செடி உள்ளங்கை அகலமாவது இருக்கும் என்று மனசில் பதிந்துவிட்டது. நுனியில் நீர்த்துளி மின்னும் சிவப்பு இலை என்பதுதான் அடையாளம். அன்றைக்கு அந்த மேட்டில் நீர்த்துளி இல்லாத புல்லே கிடையாது! சிவந்துபோன பாசியை நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

இரண்டாவது தடவை செப்டம்பர் முதல் வாரம். தரையெங்கும் ஊதாப் பூ, நடுநடுவே மஞ்சள் சோன்கிப் பூ. கூட வந்த உள்ளூர் வழிகாட்டிப் பெரியவர் காகாவிடம் என் அரைகுறை மராத்தியில், பூச்சி பிடிக்கும் செடி எங்கே என்று கேட்டேன். அவர் என் காலைச் சுற்றியிருந்த ஊதாப் பூக்களைக் காட்டிச் சிரித்தார். சீதேச்சி ஆசவே, அதாவது சீதையின் கண்ணீர். யூட்ரிகுலேரியா பர்பூரசென்ஸ்தான் அது. பெயரைப் படித்திருந்தும் முகம் தெரியாமல் அதன் நடுவிலேயே நின்றிருக்கிறேன்.

இந்தச் செடிக்கு மேலே இருப்பது வெறும் பூ. வேட்டை எல்லாம் கீழே, ஈர மண்ணுக்குள். வேர் என்று ஒன்று கிடையாது. நூல் மாதிரி ஓடும் தண்டில் கடுகைவிடச் சின்னப் பைகள். பை தன் உள்ளே இருக்கும் நீரை வெளியேற்றிவிட்டு ஒட்டிய கன்னம் போல் காத்திருக்கும். வாசல் ரோமத்தில் ஏதாவது நுண்ணுயிர் உரசினால் போதும், கதவு திறந்து, நீரோடு சேர்த்து உள்ளே உறிஞ்சிவிடும். ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் முடிகிற காரியம். தோண்டிப் பார்க்க மனசு வரவில்லை. மழைநீர் மண்ணை அரித்துப்போன ஒரு ஓரத்தில் பத்து மடங்கு லென்ஸை வைத்து, கண்ணாடி மணி போன்ற இரண்டு பைகளைப் பார்த்தேன். அல்லது பார்த்ததாக நம்புகிறேன்.

காகாவிடம் கற்ற இன்னொன்று, தேட வேண்டிய இடம். செம்புரைப் பாறைமேல் விரல்கடை மண்தான். இருக்கிற சத்தையும் மழை கழுவிக்கொண்டு போய்விடும். நைட்ரஜனுக்குப் பூச்சியை நம்பும் செடிக்கு அந்த வறுமைதான் வசதி, உயரமான புல் வந்து நிழல் கட்டாது. ஆகவே புல் செழித்த இடத்தை விட்டுவிட்டு, நீர் கசியும் மொட்டைப் பாறை விளிம்பைப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் நல்ல வெயில். வேண்டுமென்றே பதினொன்றரைக்குத்தான் மேலே போனேன். அதற்குள் பனித்துளி எல்லாம் காய்ந்திருக்கும்; ட்ரோசெராவின் துளி பசை, அது காயாது. பழைய பாறை ஓரத்தில் மண்டியிட்டேன். ஐந்து நிமிடத்தில் தரை மினுமினுத்தது. ஒரு ரூபாய் நாணய அளவில், தரையோடு ஒட்டின சிவப்பு வட்டங்கள். பர்மன்னி! ஒரு சாண் இடத்தில் பதினான்கு எண்ணினேன். ஒரு குட்டிக் கொசு இலை விளிம்பில் உட்கார்ந்தது. நான் போனை எடுப்பதற்குள் வெளிவரிசை ரோமங்கள் அதை உள்பக்கம் மடக்கிவிட்டன. ட்ரோசெராக்களிலேயே வேகமான வகைகளில் இது ஒன்று.

இண்டிகாவைக் கண்டுபிடிப்பது அப்புறம் சுலபமாகிவிட்டது. குட்டைப் புல்லுக்கு நடுவே நீண்ட மெல்லிய இலைகளோடு நிமிர்ந்து நிற்கிறது, இளஞ்சிவப்புப் பூ. மராத்தியில் தவ்பிந்து, பனித்துளி.

அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். அவருக்குச் சித்த வைத்தியத்தில் கொஞ்சம் ஈடுபாடு.

"டேய், இது அழுகண்ணிடா. நம்ம பக்கமும் ஈர மணல்ல வரும். ரெண்டு பிடுங்கிட்டு வா."

"பிடுங்கக் கூடாதுப்பா. படத்தோட சரி."

போனை வைத்துவிட்டார். படமும் சரியில்லை; பதினான்கில் பன்னிரண்டு மங்கல். அடுத்த மழைக்குள் வாங்க வேண்டியவை: போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ், பாறையில் முழங்காலுக்குக் கீழே போட ஒரு ரெக்ஸின் துண்டு.